எல்லா விசையும் ஊமை, ஒன்றைத் தவிர

1.

இந்தக் கதை என் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்ததில் பிறந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருப்பதால் கதாநாயகனை 'அவன்' என்று வைத்துக்கொள்கிறேன். அவனும் எழுதுகிறவன். (என்னைவிட ஒல்லி.) அவன் மனைவி செவிலி, இரவெல்லாம் மருத்துவமனை, பகலில் தூக்கம். வீட்டில் இருப்பதோ ஒரே அறை.

2.

முதல் தொடக்கம்: மௌனம் என்பது ஒரு பெருங்கடல்... வேண்டாம். கடலுக்குச் சத்தம் அதிகம்.

இரண்டாவது, நடந்தது நடந்தபடி. பகல் நேரம், டேப்லெட்டோடு இணைத்த பழைய கீபோர்டில் அவன் தட்டிக்கொண்டிருக்கிறான்:

"என்னங்க அது, மரங்கொத்தி வளக்கறீங்களா?"

"குறிப்பு எடுக்கறேன்மா."

"இன்னொரு தடவை எழுப்புனீங்க, டேப்லெட்டும் நீங்களும் குளியலறைல வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கலாம்."

(வெறும் திரையிலேயே தட்டலாமே என்பீர்கள். தட்டினான். 'காதல்' என்று நினைத்து அடித்தது 'கழுதை' என்று வந்தது. அந்த வாக்கியத்துக்கு அது பொருந்தவும் செய்தது.)

3.

சத்தம் போடாத ஒன்றைத் தேடிப் போன கடையில் மூன்று கீபோர்டுகள்: மடிப்பது, சுருட்டுவது, தோல் உறை போட்டது. அவன் ஒவ்வொன்றின் மீதும் காதை வைத்துத் தட்டினான்.

"சார், இது டைப் அடிக்கறது. நாடி பாக்கறதில்ல," என்றார் கடைக்காரர்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"நிறுத்தறேன். ரோட்டை நீங்க போய் நிறுத்துங்க."

இவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கதையையே இவர் பக்கம் திருப்பலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அதற்குள் அவன் மடிப்பதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

4.

வீட்டில் எல்லா விசையும் ஊமை. ஒன்றைத் தவிர: மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் விசை. டொக்.

சொல்லின் நடுவில் வரும் புள்ளிகளைப் பெரும்பாலும் மென்பொருளே வைத்துவிடும். கடைசியில் வருவதை நாம்தான் தட்ட வேண்டும். ஆகவே அவன் சொல்லின் கடைசி மெய்யெழுத்தையே துறந்தான். 'வந்தான்', 'வந்தாள்' இரண்டும் 'வந்தா' ஆயின. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை. தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, டொக்.

தூங்குகிறவளின் மௌனம் வேறு, தூங்காமல் கிடக்கிறவளின் மௌனம் வேறு. இரண்டாவதற்கு எடை உண்டு.

"ஏங்க."

"எழுந்துட்டியா?"

"தூங்குனாத்தானே எழுந்திரிக்க! மரங்கொத்தியாவது ஒரே மாதிரி கொத்தும். இது ஒண்ணு அடிச்சிட்டு, அடுத்தது எப்ப எப்பன்னு காதைத் தீட்டிட்டுக் கிடக்கேன்."

"அப்ப எல்லாப் புள்ளியும் வச்சிடவா?"

"ஒண்ணும் வைக்க வேணாம். சத்தமில்லாம அந்தப் பக்கத்தை முடிச்சுட்டு மூடி வைங்க. எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

5.

முடிவு அ: அவள் எழுந்து கீபோர்டை ஜன்னல் வழியாக... மாட்டாள். எழுந்திருக்கவே சோம்பல்.

முடிவு ஆ: அவன் புள்ளியே இல்லாத மொழி ஒன்றைக் கற்று... இவனா!

நியாயமான முடிவு ஒரே ஒரு சொல். அதையும் அடித்துவிட்டான், கடைசிப் புள்ளி மட்டும் பாக்கி. வைத்தால் சொல் சரியாகும், ஆனால் பொய்யாகிவிடும். வைக்காவிட்டால் உண்மை, ஆனால் பிழை.

அவள் மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது. விரல் விசைக்கு மேலே நிற்கிறது. நான் கையை எடுத்துக்கொள்கிறேன். வைப்பதானால் நீங்கள் வையுங்கள்.

தூங்கிவிட்டாள