தாங் பிங் என்றால் ஓய்வு அல்ல

பதினொரு வருடமாக ஒரே பாடத்தை நடத்துகிறேன். 'தற்காலச் சீன, தைவான் சமூகம்'. முதல் பருவத்தில் சீனா, இரண்டாம் பருவத்தில் தைவான். மூன்றாம் மாடியில், ஜன்னல் கொக்கி உடைந்த அறை. காற்றடித்தால் ஜன்னல் கதவு டமால் என்று மோதும் என்பதால், நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். பதினொரு வருடமும் நான் மணிக்கணக்கு விரிவுரையாளர்தான். பேசுகிற மணிக்கு மட்டும் விரிவுரையாளர். பேசி முடித்துப் படியிறங்கினால் யாரோ ஒருத்தி. விடைத்தாள் திருத்தும்போதும் யாரோ ஒருத்தி. துறைத்தலைவருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும்போது அதுகூட இல்லை, ஆளே இல்லை.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். கொக்கியைக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி வருடா வருடம் போய் நின்றபோதும் அதையேதான் சொன்னார். சீன மொழியில் அவருக்கு வணக்கமும் நன்றியும் தெரியும். அந்த நன்றியையும் தப்பாகத்தான் உச்சரிப்பார். ஆனால் நாட்டில் எங்கே சீனாவைப் பற்றிக் கூட்டம் நடந்தாலும் மேடையில் நடு நாற்காலி அவருக்குத்தான்.

இந்த வருடம் அதிசயமாக ஒரு நிரந்தர இடம் வந்தது. திங்கட்கிழமை நேர்காணல். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை துறையின் கருத்தரங்கு. தைவானிலிருந்து ஒரு சமூகவியல் பேராசிரியை சிறப்பு விருந்தினராக வருவதாக ஏற்பாடு. நாளைக்கு சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"உன்னோட அந்த முப்பத்திரண்டு பேர் இருக்காங்கல்ல, அத வச்சு எனக்கு ஒரு உரை தயார் பண்ணிக் கொடும்மா. தொடக்க உரை. கருத்தரங்கு நல்லபடியா முடியட்டும், திங்கட்கிழமை உனக்குத்தான். என் கையெழுத்துதானே முதல்ல."

"என் பேரு வருமா சார்?"

"அதெல்லாம் நாளைக்குப் பாக்கலாம்."

அந்த முப்பத்திரண்டு பேர் என் உயிர். மொழி படிக்க உதவித்தொகையில் ஒரு வருடம் போயிருந்தபோது, சாயங்காலங்களில் நடையாய் நடந்து, ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசியது. சீனாவில் ஒரு தொழிற்சாலை நகரத்தில் இருபது பேர், தைவானில் பன்னிரண்டு பேர். எல்லாரும் முப்பது வயதுக்குள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை, வாரத்தில் ஆறு நாள் வேலை செய்வதை அங்கே ஒன்பது ஒன்பது ஆறு என்று எண்ணாலேயே சொல்வார்கள். அப்படி உழைத்து, வாடகையும் கொடுத்து, கல்யாணம் எப்போது என்று அம்மாவிடம் பேச்சும் வாங்கி, ஒரு நாள் 'போதும்டா சாமி' என்று விட்டுவிடுகிறார்கள். பதவி உயர்வு வேண்டாம், வீடு வேண்டாம், ஓட்டம் வேண்டாம். அதற்குப் பெயர் தாங் பிங். மல்லாந்து படுத்துவிடுவது.

வகுப்பில் இதைச் சொன்ன அன்று, கடைசி பெஞ்சிலிருந்து சந்தேகம் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் "ஒரு சந்தேகம் மேடம்" என்பதால் அவள் பெயரே சந்தேகம் ஆகிவிட்டது. என் சாயங்காலச் சீன மொழி வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறவளும் அவள்தான்.

"ஒரு சந்தேகம் மேடம். அவங்க படுத்துறாங்க, இவங்க படுத்துடுறாங்க. அவ்வளவுதானே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடிப்பாவி, நான் இரண்டு பருவமாக முக்கி முனகிச் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டாளே!

முப்பத்திரண்டு பேரில் பதினேழாவது ஒரு பெண். கைப்பேசிக்குத் திரை ஒட்டும் வேலையில் நான்கு வருடம் இருந்துவிட்டு நின்றவள். எட்டுப் பேர் தங்கும் அறையில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னிடம் பேசினாள். கிளம்பும்போது என் நோட்டுப் புத்தகத்தைக் கைகாட்டி ஒன்று சொன்னாள். அதை நான் அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்: "நான் களைச்சுப் போய்ப் படுத்திருக்கேன்னு எழுதிடாதே. கோபத்துல படுத்திருக்கேன். அத மாத்தாம எழுது." மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு நான் கொடுத்தது அந்த ஒரு வாக்குதான்.

உரையை எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் என்ன செய்வது? நாற்பத்திரண்டு வயதாகிறது. வெள்ளிக்கிழமை காலை, கூடவே இருக்கும் என் அக்கா வாசலில் வழிமறித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. மூணு நாள்தான். திங்கட்கிழமைக்கு அப்புறம் யார வேணாலும் திட்டிக்கோ."

"நான் எதுக்குக்கா பேசப் போறேன்? அடுத்தவங்க பேசறத மொழிபெயர்க்கப் போறேன். அவ்வளவுதான்."

"அதான் பயமா இருக்கு."

அரங்கில் நூற்றைம்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. விருந்தினர் அம்மா முன்வரிசையில் இருந்தார். வெட்டிய நரைமுடி, மடியில் ஒரு சின்ன நோட்டு. அவர் காதோரம் குனிந்து தமிழைச் சீனத்தில் சொல்வதும், அவர் பேசினால் மைக்கில் தமிழில் சொல்வதும் என் வேலை. அழைப்பிதழில் என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், தேநீர் ஏற்பாட்டுக்குக் கீழே, 'மொழி உதவி' என்று இருந்தது. பெயர் இல்லை, உதவி மட்டும் இருந்தது.

நாளைக்கு சார் தொடங்கினார். என் வரிகளை என் எதிரிலேயே படித்தார்! "நான் சந்தித்த முப்பத்திரண்டு இளைஞர்கள்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விருந்தினர் காதில் சொன்னேன். மேல் கட்டில் வந்தது. எட்டுப் பேர் அறை வந்தது. அடுத்து அந்த வரி வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"சீன இளைஞர்கள் ஓய்வெடுக்கிறார்கள்" என்றார் நாளைக்கு சார்.

ஓய்வா?

"ஆமாம், அவர்கள் உழைப்பின் அருமையோடு ஓய்வின் அருமையையும் அறிந்தவர்கள். களைத்தவர்கள் இளைப்பாறி, மீண்டும் உற்சாகமாக வேலைக்குத் திரும்புகிறார்கள். நம் இளைஞர்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்."

கைத்தட்டல் வேறு. படுபாவி மனுஷா! 'படுக்கிறார்கள்' என்பது மேடையில் சொல்ல அசிங்கமாக இருக்கிறதென்று மாற்றியிருக்கிறார். பிறகு அவரே அதைச் சொன்னார். ஒரு சொல்லை மாற்றினால் அதற்குக் கீழே இருப்பது நிற்காது என்பதால், பக்கம் முழுவதையும் மாற்றியிருக்கிறார். கோபத்தில் படுத்தவளை எழுப்பி, முகம் கழுவி விட்டு, சிரித்த முகத்தோடு வேலைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு, அவர் சொன்னதையே சொன்னேன். "சியூஷி" என்றேன். சீனத்தில் ஓய்வு என்று பொருள். விருந்தினர் திரும்பி என்னைப் பார்த்தார். நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

உரை முடிந்ததும் கேள்வி நேரம். விருந்தினர் எழுந்தார். நான் மேடையேறி அவர் கேள்வியைத் தமிழில் சொன்னேன்: "உரைக்கு நன்றி. நானும் இருபது வருடமாக இந்த இளைஞர்களோடு பேசுகிறேன். ஓய்வு என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. உங்களுடைய முப்பத்திரண்டு பேரில் யார் அப்படிச் சொன்னார்? எந்தச் சொல்லால் சொன்னார்?"

நாளைக்கு சார் காகிதத்தைப் புரட்டினார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏதாவது சொல்லிச் சமாளிம்மா. அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது? உன் ஃபைல் திங்கட்கிழமை என் கையிலதான் இருக்கும், ஞாபகம் இருக்கட்டும்."

விருந்தினருக்கு மட்டுமல்ல, அரங்கில் யாருக்கும் அது கேட்கவில்லை. சமாளிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பதினொரு வருடமாக அதைத்தானே செய்கிறேன். அழகாக நான்கு வாக்கியம் சீனத்தில் சொல்லியிருந்தால் விருந்தினர் தலையாட்டியிருப்பார், எல்லாரும் தேநீருக்குப் போயிருப்பார்கள், திங்கட்கிழமை எனக்கு ஒரு மேசை கிடைத்திருக்கும். அந்த மேசைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அக்காவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த மேல் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது. மாத்தாம எழுது என்றாள். மாற்ற மாட்டேன் என்றேன். பக்கத்தில் நின்று காதில் "சியூஷி" என்று ஓதியதும் நான்தானே! சே, என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மைக்கை வாங்கினேன். விருந்தினரைப் பார்த்து, தெளிவான சீனத்தில், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"பேராசிரியர் சொல்கிறார்: ஏதாவது சொல்லிச் சமாளி. அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது? உன் கோப்பு திங்கட்கிழமை என் கையில்தான் இருக்கும், நினைவிருக்கட்டும்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்கு சார் மட்டும், நான் என்னவோ பிரமாதமாக அளந்துவிட்டேன் என்று நினைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெருமையாகத் தலையாட்டினார். கடைசியில் விருந்தினரைப் பார்த்து "ஆமாம், ஆமாம்" என்றார். பின்வரிசையில் சந்தேகம் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விருந்தினர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும் வேலையும் என்னுடையதுதானே!

"விருந்தினர் சொல்கிறார்" என்றேன், மைக்கில், அரங்கம் முழுவதற்கும். "பதிலுக்கு நன்றி. ஏதாவது சொல்லிச் சமாளி, அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகிறது, உன் கோப்பு திங்கட்கிழமை என் கையில்தான் இருக்கும் என்று பேராசிரியர் சொன்னதாகக் குறித்துக்கொண்டேன். இது அந்த இளைஞர்கள் சொன்னதா, பேராசிரியருடைய சொந்தக் கருத்தா? இன்னொன்று. முப்பத்திரண்டு பேரோடும் யார் பேசினார்களோ அவரிடமே நான் கேட்க விரும்புகிறேன்."

பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசைக்கு வந்தது. நாளைக்கு சார் தலையாட்டுவதைப் பாதியில் நிறுத்தினார். கழுத்து அப்படியே ஒரு பக்கமாக நின்றது.

"நான்தான் பேசினேன்" என்றேன். முதலில் சீனத்தில், பிறகு தமிழில். "யாரும் ஓய்வுன்னு சொல்லல. பதினேழாவது ஆள் சொன்னத மட்டும் சொல்றேன். நான் களைச்சுப் போய்ப் படுக்கல, கோபத்துல படுத்திருக்கேன். அத மாத்தாம எழுதுன்னாங்க. மேடையில மாத்திட்டாங்க. இப்ப திருத்திட்டேன்."

அதற்குள் யாரோ ஓடிப்போய்த் தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள்.

நான் படியேறி என் மூன்றாம் மாடி அறைக்குப் போனேன். ஜன்னல் டமால் டமால் என்று மோதிக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுக்கவில்லை, மோதட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். பதினொரு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே குறைவு. மேற்கூரையில் ஒரு பெரிய ஈரக்கறை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் நாளைக்கு சார் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். மூன்றாம் மாடிக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும். படுக்கறாங்கன்னு மேடையில சொன்னா அசிங்கம்னு நாகரிகமா மாத்தினேன். அதுக்கு இப்படியா? திங்கட்கிழமை நீ வரவே வேண்டாம். அடுத்த பருவமும் உனக்கு வகுப்பு கிடையாது, தெரிஞ்சுக்கோ!"

"சரி சார்."

அழுகிறேனா என்று பார்த்தார். அவர் முன்னால் அழுதுவிடுவேனா? சாகலாம் அதற்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கீழே எட்டிப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி, எழுந்திரும்மா. அடுத்த அமர்வு ஆரம்பிக்கப் போகுது. அந்தம்மா ஒரு மணி நேரம் பேசணும், கீழ எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. ஏம்மா இப்படிப் படுத்தற?"

"நான் படுத்தல சார். படுத்துட்டேன்."

"விளையாடற நேரமா இது? அந்தம்மா பேசறத யாரு தமிழ்ல சொல்றது?"

நான் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏதாவது சொல்லிச் சமாளிங்க சார்."