மருந்து எதுவும் இல்லை

குழந்தைக்காக நான்கு வருடம் ஊசியும் மாத்திரையுமாக அலைந்து, ஒன்றும் பலிக்காமல் போன பிறகு, மருந்து என்ற பேச்சையே நான் வீட்டுக்குள் விடுவதில்லை. தலைவலித்தால் சுக்குப் பற்று, சளி பிடித்தால் மிளகு ரசம். முப்பத்தொன்பது வயதில் ஒரு மாத்திரை கிடையாது என்று தில்லி கிட்வாய் நகரில் எங்கள் கட்டடம் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தவள் நான். மாடி ஏறி வரும் கூரியர்காரரிடம்கூடச் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐஎன்ஏ மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க வந்து உடை மாற்றப் போனேன். குர்த்தாவின் உள்பக்கம், இடது மார்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். வேர்வை என்றுதான் நினைத்தேன். ஆனால் காய்ந்த ஓரம் கஞ்சி போட்ட துணிபோல மொரமொரப்பாக இருந்தது. மெல்ல அழுத்திப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சொட்டு வந்து நின்றது. எதையும் அப்படியே விட்டுவிடுகிற புத்தி எனக்குக் கிடையாது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாக இனித்தது.

வெளி அறையில் என் கணவர் அழகர்சாமி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடவில்லை. நாளை எண்ணிப் பார்த்தேன். மாதவிலக்கு ஒன்பது நாள் தள்ளிப்போயிருந்தது. கரு தங்கியவுடனேயே பால் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு பத்து நாள் நான் வாளி தூக்கவில்லை. மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் வயிற்றுக்கு முன்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். பதினோராம் நாள் காலையில் மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு விழுந்தது. மறுநாள் இன்னொன்று வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒரே கோடுதான். இரண்டையும் காகிதத்தில் சுற்றி ஆபீஸ் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆனால் பால் நிற்கவில்லை. குழந்தையும் இல்லை, பால் மட்டும் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? டாக்டரிடம் போனேன். முடியைக் குட்டையாக வெட்டிய, நிதானமான பஞ்சாபிப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோயீ தவாயீ லேதீ ஹோ?" என்றார். மருந்து ஏதாவது எடுக்கிறாயா என்று.

"பில்குல் நஹீ, மேடம்," என்றேன். சுத்தமாகக் கிடையாது. ரத்தம் எடுக்கும் இடத்தில் கொடுத்த படிவத்திலும், மருந்து என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று பேனாவை அழுத்தி எழுதினேன்.

மூன்று நாளில் முடிவு வந்தது. பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோனுக்குப் புரோலாக்டின் என்று பெயர். ரத்தத்தில் இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது எனக்கு நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி ஏதாவது வந்திருக்கலாம், எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான்கு வாரம் கழித்துத் தேதி கிடைத்தது.

அன்று சாயங்காலம்தான் அழகர்சாமியிடம் சொன்னேன். பால் வருவதையும், தலைக்குள் கட்டி இருக்கலாம் என்பதையும் சொன்னேன். அந்தப் பத்து நாளை மட்டும் சொல்லவில்லை. அவர் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கட்டியா? மண்டைக்குள்ளயா?" என்று மூன்று தடவை கேட்டார். பாலம் கட்டுகிற இஞ்சினியர், உசிலம்பட்டிக்காரர், எதற்கும் அசராத மனுஷன். அவரே அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கும் பயம் வந்தது.

கீழ்வீட்டு ஜூலியா தூத்துக்குடிப் பெண், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவளிடம் காகிதத்தை நீட்டினேன்.

"ரத்தம் குடுக்குமுன்ன எப்படி இருந்தீங்கக்கா? சும்மா உக்காந்திருந்தீங்களா?"

"எங்க உக்கார? ஆபீசுக்கு லேட்டுன்னு மெட்ரோ படி ஏறி ஓடிப் போனேன். ஊசியப் பாத்துக் கண்ண வேற இருட்டிருச்சு."

"அதான பாத்தேன். இந்தப் புரோலாக்டின் ஒரு தொட்டாச்சிணுங்கிக்கா. பயந்தா ஏறும், ஓடுனா ஏறும், மூக்கு முட்டத் தின்னா ஏறும், தூங்கி எந்திரிச்ச ஒடனே எடுத்தாலும் ஏறித்தான் இருக்கும். இன்னொரு தடவ நிதானமா குடுத்துப் பாருங்க."

பயத்தை ஒருபக்கம் தள்ளிவிட்டு எனக்கு ஆர்வம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். ஒரு சாப்பாடு, ஒரு ஓட்டம், ஒரு பயம் இவையெல்லாம் ரத்தத்தில் எண்ணாக வந்து உட்காருமா? இத்தனை நாள் என் உடம்புக்குள் இப்படி ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாதே! மறுபடி போனேன். லேபில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். நூற்று நான்கு வந்தது. ஓட்டமும் பயமும் செய்த வேலை அந்த எட்டுதான்போல. மீதிக்கு வேறு யாரோ பொறுப்பு.

"அப்ப சாப்பாட்டையும் மருந்தையும்தான் பாக்கணும்," என்றாள் ஜூலியா.

"மருந்தா? நானா?" என்று எரிந்து விழுந்தேன். "நீ சாப்பாட்டப் பாரு."

சாப்பாட்டைப் பார்ப்பது எனக்குக் கைவந்த கலை. வீடு வீடாகப் போய் எழுதி வரும் சர்வே படிவங்களை அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ரொட்டி, பருப்பு, சப்ஜி என்பார்கள் ஜனங்கள். ஐந்து வேளை குடித்த டீ வராது, தெருமுனையில் தின்ற சமோசா வராது. பொய் சொல்வதில்லை. டீயைப் போய் யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா என்ற நினைப்புதான். இந்த மாதிரிப் படிவம் வந்தால் நான் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். எனக்கு ஆபீசில் நல்ல பெயர் கிடையாது.

ஆக, ஒரு நோட்டில் என் வாய்க்குள் போவதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்னென்ன கொடுப்பார்கள் என்று யோசித்து, பூண்டுக் குழம்பை நிறுத்தினேன், வெந்தயத்தை நிறுத்தினேன்.

"சுறாப் புட்டு கிட்டு எங்கயும் ரகசியமா தின்னியா?" என்றார் அழகர்சாமி. அந்த வாரத்தில் அவர் சிரிக்க முயன்றது அது ஒரு தடவைதான்.

ஐந்து நாள் எழுதியும் ஒன்றும் பிடிபடவில்லை. பால் மட்டும் தினமும் குறையாமல் வந்தது. ஆறாம் நாள் எனக்கு உறைத்தது. பதில் சொல்கிறவளும் நானே, படிவம் நிரப்புகிறவளும் நானே என்றால் அந்தப் படிவத்தை நான் பாஸ் பண்ணுவேனா? நோட்டை அழகர்சாமியிடம் கொடுத்தேன்.

"நாளைக்கு லீவுதான. என் கூடவே இருங்க. நான் சொல்றத எழுதாதீங்க, கண்ணால பாக்குறத எழுதுங்க."

தனக்கும் செய்ய ஒரு வேலை கிடைத்ததில் மனுஷனுக்கு அப்படி ஒரு நிம்மதி. சனிக்கிழமை முழுக்கப் பின்னாலேயே திரிந்தார். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

'6.10 எழுந்தாள். 6.15 கேஸ் மாத்திரை ஒன்று, அரை டம்ளர் வெந்நீர். கொடுத்தது நான். 6.40 காபி ஒரு டம்ளர் என்று சொல்லிக்கொண்டு இரண்டு டம்ளர்.'

காபியைப் படித்துக் கோபப்பட வாயைத் திறந்தவள், கண்ணை மேல் வரிக்குக் கொண்டுபோனேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

மே மாதம் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்து அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. கேன்டீன் ராஜ்மா எனக்கும் வயிற்றை உப்ப வைக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து காலையில் தனக்கு ஒன்று உரிக்கும்போது எனக்கும் ஒன்று உரித்துக் கையில் வைப்பார். பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. தில்லியில் கேஸ் மாத்திரையை மருந்து என்று யார் சொல்கிறார்கள்? எங்கள் ஆபீசில் மேஜைக்கு ஒரு அட்டை இருக்கும். சோலே பட்டூரே தின்றுவிட்டுச் சோம்பு வாங்குவதுபோலக் கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அந்த அட்டை மருந்து டப்பாவில் இல்லை, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஊரார் படிவத்தையெல்லாம் சுழித்தவள், என் படிவத்தில் 'எதுவும் இல்லை' என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். சுழிப்பதற்கு எனக்குச் சிவப்புப் பேனா போதாது.

அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே ஓடினோம். ஜூலியா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொடி எழுத்தை வாசித்தாள்.

"இதுல ரெண்டு மருந்து இருக்குக்கா. ஒண்ணு அமிலத்தக் கொறைக்கும். இன்னொண்ணு வாந்தி வராம வயித்தச் சீக்கிரம் காலி பண்ணும். அந்த ரெண்டாவதுதான் புரோலாக்டின ஏத்தும். அது ஏறுனா பாலும் வரும், மாதவிலக்கும் தள்ளிப்போகும்." கொஞ்சம் தயங்கினாள். "பால் பத்தாத தாய்மாருக்கு இதையே எழுதிக் குடுக்கிற டாக்டர்மாரும் உண்டு."

அழகர்சாமி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, "கேஸ் கீ கோலீ தவாயீ நஹீ ஹை க்யா?" என்றார். கேஸ் மாத்திரை மருந்தில்லையா என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாத்திரையை நிறுத்துங்கள், பத்து நாள் கழித்து ரத்தம் பார்ப்போம், குறையவில்லை என்றால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

அந்தப் பத்து நாளும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் இரண்டு நாள் பழையபடியே சொட்டியது. நான்காம் நாள் அழுத்தினால்தான் வந்தது. ஏழாம் நாள் வெறும் ஈரம். எட்டாம் நாள் ஒன்றுமில்லை. கட்டி இல்லை, கட்டி இல்லை என்று மனசு துள்ளியது. அதே நேரத்தில் கை மட்டும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தது.

எம்ஆர்ஐக்கு இரண்டு நாள் முன்னால் முடிவு வந்தது. பதின்மூன்று. எம்ஆர்ஐ வேண்டாம் என்று டாக்டர் தேதியை அடித்துவிட்டார். வரும் வழியில் அழகர்சாமி ஒரு பெட்டி காலா ஜாமுன் வாங்கினார். வீட்டுக்கு வந்து அதை மேஜையில் வைத்துவிட்டு, என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"திட்டணும்னா இப்பத் திட்டிரு சுபா. நாந்தான தெனம் உரிச்சுக் குடுத்தேன்."

திட்டுவதில் எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. அன்றைக்குத் திட்டத் தோன்றவில்லை. நான்கு வருடம் ஊசி போட்டும் கேட்காத உடம்பு, ஒரு கேஸ் மாத்திரை சொன்னதை நம்பிவிட்டது. பிள்ளை வந்திருக்கிறது என்று நினைத்துப் பால் தயார் பண்ண உட்கார்ந்துவிட்டது. எனக்கு என் உடம்பின் மேல் பாவமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கவில்லை.

"பாலுன்னு தெரிஞ்சப்ப மொதல்ல நான் கட்டின்னு நெனைக்கலங்க," என்றேன்.

"பெறகு?"

"பிள்ளன்னு நெனச்சேன். பத்து நாளு. வாளிகூடத் தூக்கல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெட்டியின் நூலைப் பிரிப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் நம்பிருப்பீங்க. பெறகு இல்லன்னு நாந்தான வந்து சொல்லணும்?"

"நம்பிட்டுப் போறேன்," என்றார். கண் நிறைந்திருந்தது. "பத்து நாள் சந்தோசமா இருந்திருக்க, சுபா. அதுல எனக்கு ஒரு அஞ்சு நாளாச்சும் குடுத்திருக்கலாம்ல?"