நிற்கக் கூடாத பந்தயம்

லெஸ் டன்னிகன் காசு வாங்கிக்கொண்டு குதிரையை நிறுத்தினான் என்று இன்றைக்கும் எங்கள் ஊர் மதுக்கடையில் பேசுகிறார்கள். பேசுகிற வாய் அழுகிப் போகட்டும். பதினோரு வருஷம் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு மெக்கானிக்காக இருந்தவன் நான்.

சிட்னியில் மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவான். நாலு பேர், நாலு சுற்று. அந்த வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. ஒருவன் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும், பந்தயம் அத்தோடு நின்றுவிடும். பின்னால் வருகிறவன் விழுந்தவன்மேல் ஏறிவிடாமல் இருக்க, எலும்பு முறிந்தாலும் பரவாயில்லை என்று வண்டியோடு தானும் சரிந்து விழ வேண்டும். எங்கள் ஆட்களின் சட்டம் அது. 1951இல் ராய் டக்வெல் லெஸ்ஸுக்கு முன்னால் விழுந்தான். லெஸ் சரிந்தான், ஆனால் கண்ணிமைக்கும் நேரம் பிந்திவிட்டது. வண்டி ராய்மேல் மோதியது, அவன் பிழைக்கவில்லை. யாரும் லெஸ்ஸைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதன்பின் வண்டியைத் தொடவில்லை. சின்ன வயதில் பந்தயக் குதிரை ஓட்டியவன், ஆளும் இன்னும் ஒல்லி. முப்பத்தைந்து வயதில் மறுபடி ஜாக்கி லைசென்ஸ் கேட்டுப் போய் நின்றான். வேறு பிழைப்புத் தெரியாது. பந்தய அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். ஒரே ஒரு புகார் வந்தாலும் லைசென்ஸ் போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம், எடை ஏறக் கூடாதென்று, ரொட்டித் துண்டும் பாலில்லாத தேநீருமாக வயிற்றைக் கட்டி ஓட்டினான். ஒரு புகார் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் ஏறியது டின்னர் பெல் என்ற பெண்குதிரை. ஊரே அதன்மேல் பணம் கட்டியிருந்தது. கடைசி வளைவில் லெஸ் இரண்டாவதாக வந்தான். முன்னால் போன குதிரை இடறி, அதன் ஜாக்கி ஆல்ஃப் உருண்டு விழுந்தான். பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது, சுற்றிக்கொண்டு போயிருந்தால் வெற்றி லெஸ்ஸுக்குத்தான். அவனோ கடிவாளத்தை இழுத்து நிறுத்தினான். பின்னால் வருகிறவர்களும் நிற்கட்டும் என்று கையை வேறு உயர்த்தினான். அத்தனை பேரும் அவனைத் தாண்டிப் போனார்கள். குதிரைப் பந்தயம் எவனுக்காகவும் நிற்காது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"எவ்வளவுடா வாங்கினே?" என்று கூட்டம் கத்தியது. ஆல்ஃப் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"கிறுக்குப் பயலே, விழுந்தது நான்! நீ எதுக்குடா நின்னே?"

அதிகாரி அறையில் நானும் கூட நின்றேன்.

"ஏன்யா நிறுத்தினே?"

"ஆள் விழுந்துட்டான் சார்."

"அதனால?"

"லைட் எரியும்னு..."

அதிகாரி சிரித்துவிட்டார். "இங்க ஏதுய்யா லைட்டு?"

"சார், ராய்னு ஒருத்தன்..." என்று நான் ஆரம்பித்தேன். லெஸ் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வாயை மூடு வெர்ன். செத்தவனை எனக்குச் சாட்சிக்குக் கூப்பிடாதே."

லைசென்ஸை வாங்கி மேஜைக்குள் போட்டார்கள். இனி எந்த மைதானத்திலும் அவன் ஏற முடியாது. எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

என் லாரியில் திரும்பினோம். பத்து மைல் தாண்டியிருப்போம். லெஸ் இரண்டு கையையும் விரித்து, எதையோ அளப்பதுபோலப் பிடித்துக் காட்டினான்.

"குதிரைக் காலுக்கும் ஆல்ஃப் தலைக்கும் நடுவுல இவ்வளவு இருந்துச்சு வெர்ன். ஒரு முழம். அன்னிக்கு ராய்க்கு இவ்வளவு கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பான்."