சுண்டுவிரல் வம்சம்

"இந்த ஊர்லயே அதிகப் பிள்ளைங்க எனக்குத்தான்க்கா" என்றான் நோயில் படுத்திருந்த தம்பி, அக்கா அவனுடைய இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது. எழுபது வயது வரை கல்யாணப் பேச்சு காதில் விழுந்தாலே வந்த பஸ்ஸில் ஏறிக் காணாமல்போன பிரம்மச்சாரி அவன். அக்காவின் கையில் நகவெட்டி அப்படியே நின்றது.

"மாத்திரை தலைக்கேறிடுச்சா?"

"நிசமாத்தான். உன்னைத் தவிர எல்லாரும் என் வாரிசு."

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்தியவன். அதுகளின் குடும்ப விவகாரம் அவனுக்கு அத்துப்படி. ஒரே ஒரு செல்தான் அதுக்கு வீடு, வாசல் எல்லாம். தனி அறை கிடையாது. மரபணு நூல் சுருண்டு நடுக்கூடத்திலேயே கிடக்கும். அது போகக் கைச்செலவுக்கு என்பதுபோல் சின்னச் சின்ன வளையங்கள். பக்கத்தில் ஒருவன் வந்துவிட்டால் ஒரு குழாயை நீட்டி, வளையத்தில் ஒரு நகலை அவனுக்குக் கொடுத்துவிடும். சொந்தமா, நம் இனமா என்றுகூடப் பார்க்காது. கொடுத்தவனுக்கும் குறையாது. அக்கா கட்டி இழுத்துக்கொண்டு போன ஒரே பெண் வீட்டில் இதைத்தான் இரண்டு மணி நேரம் விளக்கினான். அவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் வாரிசு என்று சொன்னது, தன் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டவர்களை. சோதனைக்கூடத்தில் புட்டி மூடியை மேசையில் வைத்தால் மேசைக் கிருமி உள்ளே போய்விடும். அதனால் மூடியைச் சுண்டுவிரலில் மடக்கிப் பிடித்தபடியே ஊற்றுவார்கள். அவன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தான். தைல மூடி, பேனா மூடி எதுவும் அவன் காலத்தில் மேசையைத் தொட்டதில்லை. தெருவே அவனைச் 'சுண்டுவிரல்' என்றது. அக்காவோ மூடியைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவள்.

"நீ மட்டும் எதுவும் ஒட்டாத ரகம்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கண்ணை மூடும்போது இவனைத்தான் அவள் கையில் பிடித்துக் கொடுத்தாள். "விளையாடாதடா. நீ போனா உன்னோடது ஒண்ணுகூட மிஞ்சாதேன்னு நான் கெடந்து தவிக்கிறேன்."

"செத்த பாக்டீரியா உடைஞ்சு கெடக்கும்ல, அதுலேர்ந்துகூடப் பக்கத்துல இருக்கிறது ஒரு துண்டை உள்ள இழுத்துக்கும். உனக்கு இன்னும் சான்ஸ் இருக்கு."

வலது கைக்கு வருவதற்குள் தூங்கிவிட்டான். சாயங்காலம் அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டான்.

மறுநாள் கூடத்தில் பத்தாயிரம் பேராவது இருப்பார்கள்; எவ்வளவு குறைத்தாலும் நாற்பதுக்குக் கீழே இறங்காது. யாரோ தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு மெக்கானிக் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தார். மூடி அவர் சுண்டுவிரலில் இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்தில் அவனோடு வேலை பார்த்த சோதனைக்கூடத்து அம்மாள் விரலிலும் மூடி. அவள் கணக்கில் சேரமாட்டாள், அது தொழில். ஆனால் மாடியில் குடியிருந்த டிரைவர்? முடிவெட்டுகிறவர்? தம்பியோடு பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாத கீழ்வீட்டுத் தையல்காரர்கூட விரலை மடக்கிக்கொண்டுதான் குடித்தார்.

கடைசியாக, இதைக் கிறுக்குத்தனம் என்று கேலி செய்தே நரைத்துப்போன அவள் புருஷன்.

"இது எப்போலேர்ந்து?" என்றாள் மெதுவாக.

"எது?" அவர் தன் விரலை அடுத்தவன் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தெரியலையே."

தரை அழுக்கு, மூடியை வேறு எங்கே வைப்பார்கள் என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவனைக் கொண்டுபோய்விட்டு எல்லோரும் திரும்பினார்கள்; கூட்டமும் கலைந்தது. அவளுக்குத் தலை வெடித்தது. கட்டிலோரம் இருந்த அவன் தைலப் புட்டியைத் திறந்து, இடது உள்ளங்கையில் ஊற்றி நெற்றியில் தேய்த்தாள். புட்டியை வைத்துவிட்டு மூடியைத் தேடினாள். மேசையில் இல்லை. தலையணையை உதறினாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"இங்கதானே இருந்துச்சு. மூடியை எங்க வெச்சீங்க?"

புருஷன் அவள் வலது கையைக் காட்டினார்.

அக்கா பார்த்தாள். பிறகு காலிக் கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"ஒட்டிக்கிச்சுடா" என்றாள்.

வெகுநேரம் அந்த விரலை நீட்டவில்லை.