உள்ளங்கை நெய்

எங்கள் வீட்டில் இனிப்பு பரிமாறும் நேரத்தில் அண்ணி ஒரு வாழைப்பழத்தை உரிப்பார். பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் வந்தார். அம்மாவும் அப்போது தலையாட்டினார். ஆனாலும் பழத்தோல் தட்டில் விழும்போது அம்மாவின் முகம் சுண்டிப்போகும். தன் கையால் செய்த ஒரு இனிப்பைக்கூட அவள் சாப்பிட்டதில்லை என்று பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டார், மாடி வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

இதைச் சரிசெய்யலாம் என்று நினைத்துத்தான் பால் சேர்க்காத இனிப்புகள் செய்யும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வகுப்பு நடந்தது. கழுவுதொட்டியில் ரசாயன வாடை போகவே இல்லை. தேங்காய்ப்பால் பாயசமும் முந்திரி பர்பியும் எனக்கு ஓரளவு வந்தன. ஜாமூன்தான் காலை வாரியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மைதாவும் முந்திரிப் பொடியும் சேர்த்துப் பிசைய வேண்டும். டீச்சர் சொன்ன எடையை அப்படியே போட்டும் என் உருண்டைகள் எண்ணெயில் வெடித்தன. பக்கத்து மேசைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“மாடு பொழைச்சுது. ஜாமூன்தான் பாவம்.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வருவதாக இருந்தது. பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவினேன். புது எண்ணெய் ஊற்றினேன். பாகு காய்ச்சினேன். முதல் ஈடு வழக்கம்போல் வெடித்தது. அதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா வந்து நின்றார்.

“நகரு. உருட்டவே தெரியல உனக்கு.”

அவர் உருட்டியவை கோலிக்குண்டுபோல் இருந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. எனக்கு வராதது அவருக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே பாகில் போட்டேன். பிறகுதான் மேடையைப் பார்த்தேன். நெய்க் கிண்ணம் திறந்திருந்தது. அம்மாவின் உள்ளங்கை பளபளத்தது. உருண்டை பிடிக்கும்முன் நெய்யைத் தொட்டுக்கொள்வது அந்தக் கைக்குப் பழக்கம். தொட்டது அவருக்கே தெரிந்திருக்காது.

வாசல் மணி அடித்தது.

சொன்னால், அம்மா இனி அண்ணிக்காக அடுப்படிக்கு வரமாட்டார். சொல்லாவிட்டால் அண்ணிக்குத் தெரியப்போவதில்லை. துளி நெய்தானே என்றும் தோன்றியது. எதையும் முடிவு செய்ய எனக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் அம்மா கூடத்துக்குப் போய்க் கிண்ணத்தை நீட்டிவிட்டார். பால் சேர்க்கவில்லை, தானே உருட்டியது என்றார். அண்ணி கரண்டியை எடுத்தார்.

“வேணாம் அண்ணி. நெய் பட்டிருக்கு.”

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வாழைப்பழம் மேசையில்தான் இருந்தது. அண்ணி அதை எடுப்பாரென்று நினைத்தேன், எடுக்கவில்லை.

“மிச்ச மாவு இருக்கா?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

பாதி மாவை நான் தனியாக மூடி வைத்திருந்தேன். அம்மா கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினார். நான் எண்ணெயை மாற்றி, புதிதாகப் பாகு வைத்தேன். இந்த முறை அவர் கடலை எண்ணெயைத் தொட்டுக்கொண்டு உருட்டினார். அண்ணியும் பின்னாலேயே வந்து மாவுக்குக் கை நீட்டினார்.

“நீ உக்காரு. உருட்டுறது நான்” என்றார் அம்மா.

அவையும் வெடிக்கவில்லை. அண்ணி ஒன்றைச் சாப்பிட்டார், இன்னொன்றும் போட்டுக்கொண்டார்.

“இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு அத்தை.”

அந்த வாரம் முழுக்க அம்மா அதையே பெரியம்மாவிடமும் மாடி வீட்டுக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை சாப்பிடுகிறாள், அதற்குள் குறை கண்டுபிடிக்கிறாள் என்று. அடுத்த முறை சர்க்கரையைக் குறைக்க வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய் தடவச் சொல்ல டீச்சர் மறந்தாரா, நான் கவனிக்காமல் விட்டேனா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.