ராணி நின்ற இடம்

சங்கரன்கோவில் ரயிலடியில் ஜட்கா ஓட்டிய மன்சூர் அலி, எண்பத்திரண்டில் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்துக்குத் தன் பெண்குதிரை ராணியைப் பூட்டினான். புளியங்குடி போய்த் திரும்ப வேண்டும். ராணி அவனிடம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பிருந்த சுல்தான் இதே சாலையில் ஜெயித்தவன். போன மழைக்காலத்தில் செத்துப்போனான்.

ராணி நன்றாகத்தான் ஓடினாள். ஒரு மேடு ஏறியதும் மன்சூர் கடிவாளத்தைத் தளர்த்தி, நாக்கைச் சொடுக்கினான். சுல்தானாக இருந்தால் பாய்ந்திருப்பான். ராணி நின்றுவிட்டாள்.

பின்னால் வந்த வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தன.

"என்ன வே, நின்னுட்டு? சாட்டையால ரெண்டு போடும்" என்றான் வண்டியில் கூட வந்த சிநேகிதன் மூக்காண்டி.

"பொறும்வே. கால்ல எதும் பட்டிருக்கான்னு பாக்குதேன்."

இறங்கி நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தான். கல் எதுவும் குத்தியிருக்கவில்லை. மூச்சும் சீராகத்தான் இருந்தது. தண்ணீர் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்து மறுபடி சொடுக்கினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"ஏலே சுல்தானு, மானத்த வாங்காதல."

"சுல்தானா? இது ராணிவே!"

மன்சூருக்கு முகம் சுண்டிவிட்டது. காலையிலிருந்து யாரை ஓட்டிக்கொண்டிருந்தோம் என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. கடிவாளத்தைச் சும்மா பிடித்தபடி, நாக்கைச் சொடுக்காமல் உட்கார்ந்தான். கொஞ்சம் பொறுத்து ராணி தானாக நடந்தாள், பிறகு ஓடினாள். வேகமுமில்லை, மெதுவுமில்லை. இருமினால்கூட நின்றுவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

புளியங்குடியில் திரும்பி வரும்போது, முந்திப்போன குதிரைகள் நுரை தள்ளி ஓரத்தில் நின்றன. ராணி அதே ஓட்டத்தில் அவற்றைத் தாண்டினாள். இரண்டாவதாக வந்தார்கள்.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. "என்ன அண்ணாச்சி செஞ்சீய?"

"நான் ஒண்ணும் செய்யலயே" என்றான் மன்சூர். உண்மையும் அதுதான். தனக்காக ஓடினாளா, தன்பாட்டுக்கு ஓடினாளா, அங்கன ஏன் நின்றாள்? எதுவும் தெரியவில்லை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்றும் புரியவில்லை.

ராணியின் தொடையில் சதை லேசாக நடுங்கியது. அவளை வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்டான்.

"அப்ப வண்டிய யாருவே இழுப்பா?"

"நாம ரெண்டு பேருந்தான்."

முணுமுணுத்துக்கொண்டே மூக்காண்டி வண்டியின் முன்கட்டையில் கை வைத்தான். கடைவீதியே பார்த்துச் சிரிக்க, அவர்கள் வண்டியை இழுத்துப் போனார்கள். ராணி பக்கத்தில் கையை வீசிக்கொண்டு போகிறவளைப் போல நடந்து வந்தாள்.