மினுக்கியை வாங்கியவர்கள்

போட்டிக் கம்பெனிகள் விடும் ஸ்பீக்கர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது, அதைச் செய்ய என்ன செலவாகியிருக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வது ஸ்க்ரூ அக்காவின் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பிரித்தது போக மிச்ச நேரத்தில், மூன்று வருடம் உட்கார்ந்து அவளே ஒரு ஸ்பீக்கரையும் உருவாக்கியிருந்தாள். முகப்பில் ஒரே ஒரு பெரிய குமிழ். திருப்பினால் சத்தம் கூடும், குறையும், அவ்வளவுதான். கம்பெனியும் அதற்குக் 'குமிழ்' என்றே பெயரிட்டுச் சந்தைக்கு விட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அக்கா அந்தக் காக்கையையே மிஞ்சிவிட்டாள். மதியம் ஒரு கை சாப்பிடும், இன்னொரு கை குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

அந்தக் குமிழின் கழுத்துக்குத்தான் இப்போது கத்தி வந்தது.

கொண்டு வந்தவர் விற்பனை மேலாளர். அவருக்கு 'அம்பு' என்று பட்டப்பெயர். எந்த வரைபடத்தைக் காட்டினாலும் அதில் ஓர் அம்புக்குறி மேலேயோ கீழேயோ பாய்ந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலே பாய்ந்தது எதிரியின் அம்பு.

"போன மாசம் நம்ம ஊர்ல அவங்க ஸ்பீக்கர் நானூத்திப் பன்னெண்டு வித்திருக்கு மேடம். நம்ம குமிழ் வெறும் முந்நூறு."

எதிரியின் ஸ்பீக்கர் பாட்டுக்கு ஏற்றபடி ஏழு நிறத்தில் மினுக்கும். அக்கா அதற்கு மினுக்கி என்று பெயர் சூட்டி, 'உள்ளே பாதி காற்று, மீதி பசை' என்று அறிக்கையும் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நினைவுபடுத்தினாள்.

"பசையா இருந்தா என்னம்மா? ஜனங்க வாங்கறாங்களே!" என்றார் அம்பு. "குமிழை நிறுத்திட்டு நாமளும் ஒரு மினுக்கி விடணும். இல்லேன்னா நம்ம பங்கையும் அவங்களே முழுங்கிடுவாங்க."

முதலாளியம்மா வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னார்.  மூன்று வருட உழைப்பு போவதுகூடப் பரவாயில்லை, போயும் போயும் ஒரு பசை டப்பாவிடமா தோற்பது என்று அக்காவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

புதன்கிழமை, மினுக்கியை இன்னொரு முறை பிரித்துப் பார்ப்போம், அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டிருக்கிறார்கள் என்று கிளம்பினாள். புதிதாக ஒன்று வாங்க மனம் வரவில்லை. வாங்கினால் எதிரியின் கணக்கில் இன்னும் ஒன்று ஏறிவிடுமே! சரி, வேறு பிரிவுகளில் பழசு கிடைக்குமா என்று கேட்டுப் போனாள்.

எதிரியின் பொருளை வாங்குவதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு முறை இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு கடையில் ஒன்றுக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை அடுத்த பிரிவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் ரகசியம் கசிந்துவிடுமாம். ஒரு பிரிவு பிரித்ததை இன்னொரு பிரிவு தொடவும் கூடாது. ஆகவே அட்டைப்பெட்டிப் பிரிவு தனியாக வாங்கியது, செலவுப் பிரிவு தனியாக வாங்கியது, பழுது பார்க்கும் பிரிவும் விளம்பரப் பிரிவும் தனித்தனியாக வாங்கின. மினுக்கி நன்றாக விற்கிறது என்ற செய்தி வந்ததும், ஏன் விற்கிறது என்று ஆராய எல்லாரும் இன்னும் கொஞ்சம் வாங்கினார்கள். அதனால் இன்னும் நன்றாக விற்றது.

"ஒண்ணு கிடைக்குமா?" என்று அக்கா முறையை மீறிக் கேட்ட இடத்தில் எல்லாம் ஓர் அலமாரி திறந்தது. திறந்த அலமாரியில் இருந்தெல்லாம் மினுக்கிகள் சரிந்து விழுந்தன. அம்புவின் அறையிலேயே எழுபது இருந்தன. அவர் ஊரில் இல்லாததால் அவருடைய உதவியாளர் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு தள்ளுவண்டிகள் கூட்ட அறைக்குள் நுழைந்தன. கடைசி வண்டிக்குப் பின்னால் ஸ்க்ரூ அக்கா.

"முந்நூத்தி எம்பத்திநாலு மேடம். எல்லாத்துக்கும் போன மாச ரசீது இருக்கு. நானூத்திப் பன்னெண்டுல நாம வாங்கினது போக மீதி இருபத்தெட்டு. அவங்களோட சந்தைப் பங்கு பூரா நம்ம கட்டடத்துலதான் இருக்கு."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். அம்பு பேயறைந்தவர் போல நின்றார். முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

"அது சரி. நம்ம குமிழ் முந்நூறை வாங்கினது யாரு?"

 கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டதே என்று அக்கா வெளியே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். அவளுடைய தம்பி எதிரிக் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளன். வீட்டில் கம்பெனிப் பேச்சை எடுத்தால் இரண்டு பேருக்கும் சோறு கிடையாது என்பது அம்மா போட்ட சட்டம்.

"டேய், உங்ககிட்ட எங்க குமிழ் எத்தனை கிடக்கு?"

"அக்கா, அம்மா சட்டம்…"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். சொல்லுடா."

தம்பி குரலைத் தாழ்த்தினான். "இருநூத்தி அம்பத்தொம்பது. போன மாசம் மட்டும்."

"அடப்பாவிகளா! எதுக்குடா இத்தனை?"

"பிரிச்சுப் பார்க்கத்தான். ஒவ்வொரு டீமும் தனித்தனியா வாங்குது. அந்தக் குமிழ் எப்படி அவ்வளவு வழுவழுன்னு சுத்துதுன்னு இங்க ஒருத்தருக்கும் புரியலை."

இந்த நிலையிலும் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமையை முழுங்கிக்கொண்டு உள்ளே போய் உண்மையைச் சொன்னாள். முந்நூறில் எதிரி வாங்கியது போக நாற்பத்தொன்று.  ஒரு மாதம் முழுக்க, இவ்வளவு பெரிய ஊரில், நாற்பத்தொரு பேர்.

ஆனால் அம்புவுக்கு உயிர் வந்துவிட்டது. "நமக்கு நாப்பத்தொண்ணு, அவங்களுக்கு இருபத்தெட்டு! கிட்டத்தட்ட அறுபது சதவீதம் மேடம். நாமதான் முதலிடம்!" என்று எழுந்து பலகையில் ஓர் அம்பு வரைந்தார். அது பலகையைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போயிற்று.

"குமிழ் இருக்கட்டும்," என்றார் முதலாளியம்மா. "இனிமே எவராவது மினுக்கி வாங்கினா சம்பளத்துல பிடிப்பேன்."

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து தம்பியை மறுபடி கூப்பிட்டாள். "தப்பிச்சுதுடா. நாப்பத்தொரு பேர் நிஜமாவே வாங்கியிருக்காங்க. முன்னப்பின்ன தெரியாத நாப்பத்தொரு பேர்!"

தம்பி திருத்தினான்.

"நாப்பதுதான் அக்கா."

"என்னது?"

"அதுல ஒண்ணு நான் வாங்கினது. கம்பெனிக்கு இல்ல, என் காசுல. சொன்னா தலைமேல ஏறி உக்காருவேன்னுதான் சொல்லலை."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் எதிராளியாக இருந்தவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொழில் புத்தி விடாமல் கேட்டாள்.

"பிரிச்சுட்டியா?"

"இல்லக்கா. பாட்டு கேக்கத்தான் வாங்கினேன்."